தேடல் பெட்டிக்குப் பின்னால் ஓர் ஏலம்: யார் கேட்கிறார், யார் கட்டுகிறார்

ஒரே நிறுவனத்தின் மேல் அமெரிக்காவில் எட்டு மாத இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. 2024 ஆகஸ்ட் 5 அன்று வாஷிங்டனில் நீதிபதி அமித் மேத்தா, தேடல் சந்தையில் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கட்டிக் காத்தது என்றார். 2025 ஏப்ரல் 17 அன்று வர்ஜீனியாவில் நீதிபதி லியோனி பிரிங்கெமா, இணையதளங்கள் தங்கள் விளம்பர இடத்தை விற்கப் பயன்படுத்தும் கருவிகளிலும் கூகுள் அதையே செய்தது என்றார். செய்திகளில் இரண்டுக்கும் ‘கூகுள் வழக்கு’ என்றே பெயர். படித்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகக் குழம்பிப் போனதில் வியப்பில்லை.

ஒரு பைசா வாங்காமல் தேடித் தருகிற நிறுவனம் யாருக்கு என்ன கெடுதல் செய்தது? இந்தக் கேள்விக்கான விடை தேடல் முடிவுகளில் கிடைக்காது. முடிவுகளுக்கு மேலே ‘ஸ்பான்சர்டு’ என்ற பொடி எழுத்தோடு வரும் சில வரிகளில் இருக்கிறது. அந்த வரிகள் எப்படி விற்கப்படுகின்றன என்று புரிந்தால், செய்தித்தாள் மெலிந்தது முதல் யூடியூப் வீடியோ நீண்டது வரை பலவற்றுக்கும் காரணம் ஒரே இடத்தில் அகப்படும்.

எது தட்டுப்பாடோ அதற்குத்தான் விலை

அச்சுக் காலத்தில் தட்டுப்பாடாக இருந்தது காகிதம். பக்கத்துக்கு இத்தனை பத்தி, பத்திக்கு இத்தனை வரி. ‘வீடு வாடகைக்கு’, ‘டிரைவர் தேவை’, ‘மணமகள் தேவை’ எல்லாம் வரிக் கணக்கில் விலை போயின. அமெரிக்கச் செய்தித்தாள்களுக்கு 2000ஆம் ஆண்டில் வரி விளம்பரங்களில் மட்டும் கிடைத்தது சுமார் 1,960 கோடி டாலர்.

வாடகை வீட்டு விளம்பரத்துக்கும் நகராட்சிக் கூட்டச் செய்திக்கும் இயல்பான உறவு எதுவும் கிடையாது. இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது ஒரே காகிதம், ஒரே அச்சகம், ஒரே சைக்கிள் பையன். முன்னதில் வந்த காசு பின்னதன் நிருபருக்குச் சம்பளமானது. 1995இல் சான் பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட் போன்ற தளங்கள் வரி விளம்பரத்தை இலவசமாக்கியதும் கட்டு அவிழ்ந்தது. 2005இல் சுமார் 4,900 கோடி டாலராக இருந்த அமெரிக்கச் செய்தித்தாள்களின் மொத்த விளம்பர வருவாய், 2020இல் 1,000 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. செய்தியைப் படிக்க ஆள் இல்லாமல் போகவில்லை. செய்திக்குச் சோறு போட்ட பக்கம்தான் வீட்டை விட்டுப் போனது.

இணையத்தில் பக்கத்துக்கு எல்லை கிடையாது. ஆனால் கைபேசித் திரையில் விரலால் தள்ளாமல் தெரிவது இரண்டு மூன்று முடிவுகள்தான், முடிவைத் தொடுபவர்களில் பெரும்பாலோர் அதற்குள்ளேயே ஒன்றைத் தொட்டுவிடுகிறார்கள். ஆக இன்றைக்குத் தட்டுப்பாடு வரிசையின் முன்னிடத்துக்கு. அந்த இடத்தை என்ன விலைக்கு விற்பது என்பதுதான் இந்தத் தொழிலின் மூலக் கேள்வி.

ஏலம் உருவான விதம்

தேடல் முடிவில் இடத்தை ஏலம் விடலாம் என்று 1998இல் வியாபாரமாகச் செய்து காட்டியது கலிபோர்னியாவின் கோடூ என்ற நிறுவனம். ஒரு சொல்லுக்கு யார் அதிகம் தருகிறாரோ அவர் பெயர் மேலே. கேட்ட தொகையை அப்படியே கட்ட வேண்டும், ஆனால் யாராவது கிளிக் செய்தால் மட்டும்.

எளிமையான ஏற்பாடுதான், ஆனால் ஆட்டம் கண்டது. முதலிடத்தில் 50 காசு கேட்டவர், அடுத்தவர் 30தான் கேட்டிருக்கிறார் என்று பார்த்ததும் 31க்கு இறங்குவார். இரண்டாமவர் 32க்கு ஏறுவார். அவர் 33. இப்படி ஏறி ஏறி ஒருவர் வெறுத்து விலக, விலை மறுபடி தடாலென்று விழும். வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் ரம்பத்தின் பல் போல இருக்கும். நாள் முழுக்க விலையை மாற்றிக்கொண்டிருப்பதற்கென்றே தானியங்கி மென்பொருள் வைத்துக்கொண்டார்கள்.

கூகுள் 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் இந்தத் தொழிலுக்கு வந்தது. விளம்பரத்தை நம்பி நடக்கும் தேடுபொறி, தேடுபவரை விட்டு விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று அதன் நிறுவனர்கள் 1998இல் தங்கள் ஆய்வுக் கட்டுரையிலேயே எழுதியிருந்தார்கள் என்பது ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. 2002 பிப்ரவரியில் ஏலத்துக்கு மாறியபோது கூகுள் இரண்டு திருத்தங்கள் செய்தது:

1. கேட்ட தொகையைக் கட்ட வேண்டாம், உங்கள் இடத்தைத் தக்கவைக்கப் போதுமான தொகையைக் கட்டினால் போதும். அதாவது உங்களுக்குக் கீழே நிற்பவரின் கேள்வியே உங்கள் விலையை நிர்ணயிக்கும். இதனால் ஒரு காசு குறைத்து ஒரு காசு ஏற்றும் விளையாட்டுக்குப் பெரிய வேலையில்லாமல் போனது.

2. தொகையை மட்டும் பார்த்து வரிசைப்படுத்துவதில்லை. அந்த விளம்பரத்தை மக்கள் எவ்வளவு தொடுகிறார்கள் என்பதாலும் பெருக்கிப் பார்ப்பது. 100 ரூபாய் கேட்டும் யாரும் தொடாத விளம்பரத்தால் கூகுளுக்குக் கிடைப்பது பூஜ்யம். 20 ரூபாய் கேட்டு நூறு பேரில் பத்துப் பேர் தொட்டால் 200.

கோடூ பெயரை ஓவர்ச்சர் என்று மாற்றிக்கொண்டது, 2003இல் யாகூ அதை வாங்கியது. ஏல முறை தன் காப்புரிமை என்று ஓவர்ச்சர் போட்ட வழக்கையும், பங்குகள் தொடர்பான இன்னொரு தகராறையும் முடித்துக்கொள்ள, 2004 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கு வரும் தறுவாயில் கூகுள் தன் 27 லட்சம் பங்குகளை யாகூவுக்குக் கொடுத்தது.

தாம்பரத்தில் ஒரு ஏசி சர்வீஸ்

இப்போது கணக்குக்கு வருவோம். ‘ஏசி சர்வீஸ் தாம்பரம்’ என்று ஒருவர் ஏப்ரல் மாதத்தில் தேடுகிறார். மூன்று கடைகள் ஏலத்தில் நிற்கின்றன. எண்கள் கணக்கைக் காட்ட நாம் வைத்துக்கொண்டவை. உண்மை ஏலத்தில் தேடும் நேரம், இடம், கருவி, விளம்பரத்தோடு சேர்த்திருக்கும் போன் எண் போன்றவையும் சேரும்.

முதலில் மூன்று சொற்கள். ‘பிட்’ என்பது ஒரு கிளிக்குக்கு நீங்கள் தரச் சம்மதிக்கும் உச்சத் தொகை. ‘தரப்புள்ளி’ என்பது 1 முதல் 10 வரை கூகுள் உங்களுக்குக் காட்டும் மதிப்பெண். விளம்பரத்தை எத்தனை பேர் தொடக்கூடும், தேடிய சொல்லுக்கு அது பொருந்துகிறதா, தொட்டபின் திறக்கும் பக்கம் உருப்படியானதா என்ற மூன்றையும் வைத்துப் போடப்படுவது. கணக்கை எளிதாக்க, இரண்டையும் பெருக்கினால் ‘வரிசை மதிப்பு’ என்று வைத்துக்கொள்வோம்.

1. அ கடை: பிட் 60 ரூபாய், தரப்புள்ளி 4. வரிசை மதிப்பு 240.
2. ஆ கடை: பிட் 40 ரூபாய், தரப்புள்ளி 8. வரிசை மதிப்பு 320.
3. இ கடை: பிட் 30 ரூபாய், தரப்புள்ளி 7. வரிசை மதிப்பு 210.

முதலிடம் ஆ கடைக்கு. அவர் கட்ட வேண்டியது, கீழே நிற்கும் அ கடையின் 240ஐத் தன் தரப்புள்ளி 8ஆல் வகுத்த தொகை: 30 ரூபாய், சில்லறை. இரண்டாமிடம் அ கடை. அவர் கட்டுவது 210ஐ 4ஆல் வகுத்து 52 ரூபாய் 50 காசு. இரண்டாமிடத்தில் நிற்பவர் முதலிடத்தில் நிற்பவரைவிட 22 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறார். அவர் விளம்பரத்தைத் தொட்டால் கடையின் முகப்புப் பக்கம் மெதுவாகத் திறக்கிறது, ஃபிரிட்ஜ், வாஷிங்மெஷின் எல்லாம் அதில் இருக்கிறது, போன் எண் கடைசியில் இருக்கிறது. ஆ கடை ஏசிக்கென்றே ஒரு பக்கம் வைத்து, தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் என்று ஊர்ப் பெயரையும், தலைமாட்டிலேயே போன் எண்ணையும் போட்டிருக்கிறது. 22 ரூபாய் வித்தியாசம் அதற்குத்தான்.

இனி லாபம் நிற்கிறதா பார்ப்போம். பத்துக் கிளிக்கில் இரண்டு பேர் போன் செய்கிறார்கள், அதில் ஒருவர் வேலை தருகிறார் என்று வைப்போம். அப்படியானால் ஒரு வேலைக்குப் பத்துக் கிளிக். சாதாரண சர்வீஸுக்கு 700 ரூபாய். மெக்கானிக் கூலி, பெட்ரோல் போக மிச்சம் 350.

ஆ கடைக்கு விளம்பரச் செலவு 300. ஐம்பது ரூபாய் நிற்பது போலத் தெரியும். ஆனால் கூகுள் பில்லில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்னக் கடை அதைத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. 300 என்பது 354 ஆகிவிடும். ஏலத்தில் ஜெயித்தவருக்கு வேலைக்கு 4 ரூபாய் நஷ்டம். அ கடைக்கு 619 ரூபாய் 50 காசு செலவு, 269 ரூபாய் 50 காசு நஷ்டம்.

அப்படியென்றால் யார்தான் பிழைக்கிறார்கள்? ஒரு சர்வீஸை வைத்துக் கணக்குப் போடாதவர்கள். வந்தவரை வருட ஒப்பந்தத்தில் சேர்த்து, மூன்று ஆண்டில் அவரிடம் 1,500 ரூபாய் லாபம் பார்க்க முடிகிற நிறுவனம் ஒரு கிளிக்குக்கு 100 ரூபாய்கூடக் கேட்கும். அப்படி இரண்டு நிறுவனங்கள் ஏலத்துக்குள் வந்தால் எல்லோருக்கும் விலை ஏறும். ஏலம் என்பது லாபத்தை இப்படிப் படிப்படியாகப் பிழிந்து, இடத்தின் சொந்தக்காரர் பக்கம் நகர்த்தும் எந்திரம். யாரும் யாரையும் மிரட்டத் தேவையில்லை. தனி மெக்கானிக் ஒரு கட்டத்தில் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, வேலை பிடித்துத் தரும் ஏதாவது ஒரு செயலியில் சேர்ந்து கமிஷன் கொடுக்கிறார். அந்தச் செயலி அதே ஏலத்தில் அவருக்குப் பதிலாகக் கிளிக் வாங்குகிறது.

கைக்காசு ஒழுகும் ஓட்டைகள்

ஏலத்தில் தோற்பதைவிட, அமைப்புகளை அப்படியே விட்டுப் பணத்தை விடுபவர்களே சின்ன வியாபாரிகளில் அதிகம். அடிக்கடி நடப்பவை இவை:

1. சொற்பொருத்தம் ‘பரந்த’ நிலையில் விடப்பட்டிருக்கும், அதுதான் இயல்புநிலை. ‘ஏசி சர்வீஸ்’ என்று கொடுத்தால் ‘ஏசி மெக்கானிக் வேலை’, ‘ஏசி மெக்கானிக் கோர்ஸ்’ என்று தேடுபவர்களுக்கும் விளம்பரம் போகலாம். வேலை, சம்பளம், கோர்ஸ், இலவசம், செகண்ட்ஹேண்ட் போன்றவற்றை ‘வேண்டாச் சொற்கள்’ பட்டியலில் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் போட வேண்டும். நம்மவர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியும் தேடுவார்கள். வாரம் ஒருமுறை, உண்மையில் எந்தெந்தச் சொல்லுக்குக் காசு போனது என்ற அறிக்கையைத் திறந்து பார்த்தாலே பட்டியல் தானாக வளரும்.

2. இட அமைப்பில் ‘இந்த ஊரில் இருப்பவர்கள்’ என்பதோடு ‘இந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்கள்’ என்பதும் சேர்ந்தே வரும். பெங்களூரில் உட்கார்ந்து தாம்பரத்தைப் பற்றித் தேடுபவரும் அதில் அடக்கம். அதை மாற்றாவிட்டால் அவர் கிளிக்குக்கும் நீங்கள்தான் கட்டுவீர்கள்.

3. தினம் 500 ரூபாய் என்று வரம்பு வைத்தால் ஒரே நாளில் 1,000 வரை போகலாம். கூகுள் உறுதி தருவது மாதக் கணக்குக்கு: 500ஐ 30.4ஆல் பெருக்கி 15,200. கையில் அன்றன்றைக்குக் காசு பார்க்கிற கடைக்கு இது தெரியாமல் திகைப்பு வரும்.

4. தானியங்கி ஏலமுறை நீங்கள் எதை ‘வெற்றி’ என்று சொல்லித் தருகிறீர்களோ அதைத்தான் தேடிப் பிடிக்கும். பக்கம் திறந்ததையே வெற்றி என்று பதிவு செய்தால், பக்கத்தைத் திறந்துவிட்டு ஓடுபவர்களை மலிவாகக் கூட்டி வரும். முப்பது வினாடிக்கு மேல் பேசிய போன் அழைப்பை வெற்றி என்று வைத்தால் கதை வேறு.

5. ராத்திரி போன் எடுக்க ஆளில்லாத கடை, ராத்திரியும் விளம்பரத்தை ஓட விடுவது. இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஏலக் கூடத்துக்குச் சொந்தக்காரரே சுத்தியலும் தட்டினால்

முதல் வழக்குக்கு இப்போது வரலாம். மேலே பார்த்த கணக்கில் விலையை நிர்ணயிப்பது போட்டியாளர் என்றோம். முழு உண்மை அது இல்லை. தரப்புள்ளியைப் போடுவது கூகுள், குறைந்தபட்ச விலையை வைப்பது கூகுள், யாருக்கு எவ்வளவு தள்ளுபடி என்ற பெருக்கலும் கூகுள் கையில். 2023இல் நடந்த விசாரணையில், அப்போது கூகுள் விளம்பரப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஜெரி டிஷ்லர், ஏலத்தைத் திருத்தி விலையை 5 விழுக்காடு வரை, சில தேடல்களில் 10 விழுக்காடு வரைகூட, விளம்பரதாரருக்குச் சொல்லாமல் ஏற்றியது உண்டு என்று சாட்சியம் சொன்னார். முதலிரண்டு இடங்களைச் சில நேரம் இடம் மாற்றிப் போட்டு, முதலிடத்தை உறுதி செய்ய இன்னும் கூடுதலாகக் கேட்க வைக்கும் முறை ஒன்றும் விசாரணையில் வெளிவந்தது.

வேறு தேடுபொறிக்குப் போகலாமே? அங்கே ஆள் இல்லை. ஏன் ஆள் இல்லை என்பதுதான் மேத்தா தீர்ப்பின் மையம். கைபேசியிலும் உலாவியிலும் கூகுளே இயல்பான தேடுபொறியாக இருக்க 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர் அது கொடுத்திருந்தது. 2022இல் ஆப்பிளுக்குப் போனது சுமார் 2,000 கோடி. ஆப்பிளின் உலாவியான சஃபாரி வழியாக நடக்கும் தேடலில் வரும் விளம்பர வருவாயில் 36 விழுக்காடு பங்கு என்பது அன்றைய ஏற்பாடு. மாற்றிக்கொள்ளும் வசதி அமைப்புகளுக்குள் எங்கோ இருக்கிறது. யார் போய் மாற்றுகிறார்கள்? ஆண்ட்ராய்டு கைபேசிகளில் தன் செயலிகளை முன்கூட்டியே வைக்கச் செய்ததற்காக இந்தியப் போட்டி ஆணையமும் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

2025 செப்டம்பர் 2 அன்று பரிகாரம் என்ன என்று மேத்தா சொன்னார். அரசு கேட்டபடி கூகுள் தன் குரோம் உலாவியை விற்க வேண்டியதில்லை. ஆப்பிளுக்குப் பணம் கொடுக்கத் தடையில்லை. வேறு யாரையும் வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்பந்தம் போடக்கூடாது. தேடல் தரவில் ஒரு பகுதியைத் தகுதியுள்ள போட்டியாளர்களோடு பகிர வேண்டும். தீர்ப்பின் கடுமையும் பரிகாரத்தின் மென்மையும் ஒட்டவில்லை என்று பலர் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பூட்டை உடைக்காமல் சாவிக்கொத்தில் ஒன்றைக் கடன் கொடுத்த மாதிரி.

இரண்டாவது ஏலம்: படிக்கும் பக்கத்தில்

தேடல் முடிவைத் தொட்டு ஒரு செய்தித் தளத்துக்குள் போகிறீர்கள். பக்கம் திறக்கிற அந்த ஒரு கண்ணிமைப்பில் வேறொரு ஏலம் நடக்கிறது. பிரிங்கெமா தீர்ப்பு இதைப் பற்றியது.

1. தளத்தில் விளம்பர இடத்தைப் பராமரிக்கும் மென்பொருள், ‘இங்கே ஓர் இடம் காலி’ என்று அறிவிக்கிறது. 2008இல் கூகுள் 310 கோடி டாலருக்கு வாங்கி முடித்த டபுள்கிளிக் என்ற விளம்பர நிறுவனத்தின் முக்கியச் சொத்து இந்த மென்பொருள்.

2. அறிவிப்பு ஏலச் சந்தைக்குப் போகிறது. கூடவே நீங்கள் இருக்கும் ஊர், கைபேசி வகை, பக்கத்தின் பொருள், முன்பு எங்கெங்கே உலவினீர்கள் என்பதன் அடையாளம் ஆகியவை போகும்.

3. விளம்பரதாரர்களுக்காக வாங்கும் மென்பொருள்கள், பத்தில் ஒரு வினாடிக்குள் விலை சொல்கின்றன.

4. அதிகம் சொன்னவரின் படம் திரையில் விழுகிறது.

மண்டிக்கணக்கில் சொன்னால், விவசாயியின் சரக்கைக் கொண்டுவரும் ஆளும், மண்டிக்குச் சொந்தக்காரரும், வியாபாரிக்காக ஏலம் கேட்கும் ஆளும் ஒரே முதலாளியின் ஊழியர்கள். தளத்தின் மென்பொருளையும் ஏலச் சந்தையையும் சட்டவிரோதமாகப் பிணைத்து ஏகபோகம் பெற்றது கூகுள் என்றார் நீதிபதி. விளம்பரதாரர் பக்கத்துக் கருவியில் ஏகபோகம் என்ற மூன்றாவது குற்றச்சாட்டை அவர் ஏற்கவில்லை. சந்தையில் கூகுள் எடுத்துவந்த கமிஷன் 20 விழுக்காடு. ஆண்டுகள் போயும், போட்டி வந்தும் அது இறங்காததே ஏகபோகத்துக்கு ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

கமிஷன் ஒருவரோடு நிற்பதுமில்லை. பிரிட்டிஷ் விளம்பரதாரர் சங்கம் பிடபிள்யூசி என்ற தணிக்கை நிறுவனத்தைக் கொண்டு செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், விளம்பரதாரர் செலவிட்ட ஒவ்வொரு பவுண்டிலும் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது 51 பென்ஸ். 15 பென்ஸ் எங்கே போனதென்று தணிக்கையாளர்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

தமிழ்த் தளங்களுக்கு இதில் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. தளங்களில் விளம்பரம் போட்டுப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ், தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். ஏற்றபின்னும் ஆயிரம் பார்வைக்குக் கிடைக்கும் தொகை ஆங்கிலப் பக்கத்தைவிடக் குறைவு என்று தளம் நடத்துபவர்கள் புலம்புவது வழக்கம். எழுத்தின் தரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. தமிழ்ப் பக்கத்தின் இடத்துக்கு இரண்டே பேர் கேட்டால், ஜெயிக்கப் போகிறவர் குறைந்தபட்ச விலைக்குச் சற்று மேலே சொன்னால் போதும் என்று அவர் மென்பொருளுக்குத் தெரியும். அதே கட்டுரையை டொராண்டோவிலோ லண்டனிலோ உட்கார்ந்து ஒருவர் திறந்தால், அந்த ஊர் வங்கியும் அந்த ஊர் பல்பொருள் கடையும் கேள்விக்கு வரும், தொகை ஏறும். எழுதியது ஒன்று, படிப்பவர் இருக்கும் ஊர் விலையைச் சொல்கிறது.

எழுத்தும் வீடியோவும் உருமாறிய கதை

வருமானம் பார்வைக் கணக்கில் என்றானபின், பார்வை எங்கே கூடுமோ அங்கே எழுத்து வளைந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும் ஒரு மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நாளை பள்ளிகளுக்கு விடுமுறையா?’ என்ற தலைப்பில் ஆறு மணிக்கே பக்கம் வந்துவிடும். உள்ளே மழை பெய்கிறது, வானிலை மையம் எச்சரித்துள்ளது, மாவட்ட ஆட்சியர் அறிவிப்பார் என்று இருக்கும், விடுமுறையா என்பது மட்டும் இருக்காது. ஆட்சியர் அறிவிப்பதற்கு முன்பே அந்தப் பக்கம் தேடல் பட்டியலில் இடம்பிடித்திருக்க வேண்டும். அறிவிப்பு வந்ததும் அதே முகவரியில் இரண்டு வரி மாற்றினால் போதும். தலைப்பில் உள்ள கேள்விக்குறி அந்த இடைவெளியை மறைக்கும் துண்டு.

‘இன்றைய தங்கம் விலை’ பக்கங்களும் இப்படித்தான். நமக்குத் தேவை ஒரே ஓர் எண், சவரனுக்கு எவ்வளவு. பொருளாதார மந்தம், டாலர் மதிப்பு, அட்சய திருதியை என்று மூன்று பத்தி இறங்கியபின் அது வரும். ஒவ்வொரு பத்திக்கு நடுவிலும் ஒரு விளம்பர இடம். எண்ணை முதல் வரியில் போட்டால் படிப்பவர் இரண்டு வினாடியில் போய்விடுவார்.

யூடியூப் கணக்கு இன்னும் வெளிப்படையானது. 2012இல் யூடியூப், எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முன்னுரிமை தரத் தொடங்கியது. வீடியோவின் நடுவில் விளம்பரம் போட முன்பு 10 நிமிடம் வேண்டும், 2020 ஜூலையில் அது 8 ஆனது. அதன்பின் 8 நிமிடம் சில வினாடிகளில் முடியும் சமையல் வீடியோக்கள் பெருகியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். ரசம் வைக்க எட்டு நிமிடப் பேச்சு தேவையில்லை, விளம்பரத்துக்குத் தேவை. நீள வீடியோவின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு படைப்பவருக்கு, குறு வீடியோக்களான ஷார்ட்ஸில் பங்கு 45. இசைச் செயலிகளில் கதை எதிர்த்திசையில் ஓடுகிறது. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. அதற்குள் கேட்பவர் தள்ளிவிடக்கூடாது என்பதால், நிதானமாக விரியும் முன்னிசைக்கு இடம் சுருங்குகிறது.

படைப்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அளவுகோலை வைத்தவர் வேறு, அதற்குள் உடம்பைக் குறுக்கிக்கொண்டவர்கள் இவர்கள்.

ஏஐ சுருக்கம் வந்தபின்

தேடுபொறிக்கும் தளங்களுக்கும் இடையே எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது. ‘உன் பக்கத்தை என் எந்திரம் இலவசமாகப் படித்துக்கொள்ளும், பதிலுக்கு உனக்கு ஆள் அனுப்புகிறேன்.’ தளத்தின் வாசலில் ‘ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி’ என்ற சின்னக் கோப்பை வைத்து, எந்த எந்திரம் உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று எழுதும் வழக்கம் 1994 முதல் உண்டு. அது சட்டம் இல்லை, மரியாதை.

2024 மே மாதம் அமெரிக்காவில் கூகுள், தேடல் முடிவுகளுக்கு மேலேயே ஏஐ எழுதிய சுருக்கத்தைக் காட்டத் தொடங்கியது. அதே ஆகஸ்டில் இந்தியாவுக்கும் வந்தது. பியூ ஆய்வு மையம் 2025 மார்ச்சில் சுமார் 900 அமெரிக்கர்களின் உலாவல் பதிவைப் பார்த்தது. சுருக்கம் வராத தேடல்களில் 15 விழுக்காட்டில் ஏதாவது ஒரு முடிவைத் தொட்டார்கள். சுருக்கம் வந்தால் அது 8 விழுக்காடு. சுருக்கத்துக்குள் மூலமாகக் காட்டப்பட்ட இணைப்பைத் தொட்டது 1 விழுக்காடு. ஆளே உள்ளே வராத பக்கத்தில் முன்பு சொன்ன இரண்டாவது ஏலம் நடக்காது.

நாடுகள் ஆளுக்கொரு வழியில் போயின. ஆஸ்திரேலியா 2021இல், செய்தி நிறுவனங்களோடு பேரம் பேசும்படி தொழில்நுட்ப நிறுவனங்களைத் தள்ளும் சட்டம் கொண்டுவந்தது. கனடா 2023இல் அதே போல் செய்தது. கூகுள் ஆண்டுக்கு 10 கோடி கனடிய டாலர் தர ஒத்துக்கொண்டது. மெட்டா அந்த ஆகஸ்டில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் கனடாவில் செய்தியையே நிறுத்திவிட்டது. இந்தியாவில் மின்னணுச் செய்தி வெளியீட்டாளர்கள் சங்கத்தின் புகாரை ஏற்று 2022 ஜனவரியில் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. இந்தச் சட்டங்கள் எல்லாம் இணைப்புக்குக் காசு கேட்ட காலத்தவை. இணைப்பே தேவைப்படாத பதிலை இவை யோசிக்கவில்லை. 2025 செப்டம்பரில் அமெரிக்காவின் இதழ் வெளியீட்டு நிறுவனமான பென்ஸ்கி மீடியா, ஏஐ சுருக்கங்களை எதிர்த்தே கூகுள் மேல் வழக்குப் போட்டது.

ஒரு தமிழ்த் தளம் நடத்துபவர் தன் அளவில் என்ன செய்யலாம்? 2025 நிலவரப்படி மூன்று வழிகள்.

1. ரோபாட்ஸ் கோப்பில் ‘கூகுள் எக்ஸ்டெண்டெட்’ என்ற பெயரைத் தடுக்கலாம். கூகுளின் ஏஐயான ஜெமினிக்குப் பயிற்சிப் பாடமாக உங்கள் பக்கம் போவதை அது நிறுத்தும். தேடலுக்கு மேலே வரும் ஏஐ சுருக்கத்தை நிறுத்தாது. பலர் இதைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

2. ‘கூகுள்பாட்’ எந்திரத்தையே தடுக்கலாம். சுருக்கத்தில் வர மாட்டீர்கள், தேடலிலும் வர மாட்டீர்கள். கடையைக் காப்பாற்றத் தெருவை அடைப்பது.

3. பக்கத்தில் ‘நோஸ்னிப்பெட்’ குறியைச் சேர்க்கலாம். ஏஐ சுருக்கம் உங்கள் வாசகத்தை எடுக்காது. கூடவே, மழை பெய்யும் மாலையில் ‘நாளை விடுமுறையா’ என்று தேடுபவருக்கு உங்கள் தலைப்பின் கீழே தெரிகிற இரண்டு வரியும் மறைந்துவிடும். அவர் விரல் அடுத்த தளத்தைத் தொடும்.